ஒடெஸாவுக்கு ஒரு நாள் குறைந்தது

ஒடெஸா பிரிட்ஜென் கின்ஸ்டன் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். அங்கே சுகாதார அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். மூலை முடுக்கெல்லாம் விரல் விட்டுப் பார்ப்பார். நூற்றுக்கு இத்தனை என்று ஓர் அட்டையில் எழுதி, வருகிறவன் போகிறவன் கண்ணில் படும்படி சுவரில் மாட்டிவிட்டுப் போவார். ஒடெஸா தலைமைச் சமையல்காரியாக இருந்த பத்தொன்பது வருஷத்தில் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே எண் விழுந்ததே இல்லை. அந்தத் தொண்ணூற்றெட்டும் ஒரே ஒரு தடவைதான். போன இரண்டு மதிப்பெண் எங்கே போனது என்று கேட்டுக்கொண்டு அதிகாரியின் கார் வரைக்கும் பின்னாலேயே நடந்தவள் அவள்.

அறுபத்தேழாவது வயதில் அவளுடைய இடது சிறுநீரகத்தில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து நுரையீரலில் இரண்டு புள்ளி தெரிந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினம் ஒன்று, விடவே கூடாது என்றார். காப்பீடு கொடுத்தது போக அவள் கைக்காசாகக் கட்ட வேண்டியது ஓய்வூதியத்தில் பாதியைத் தின்றது. மூன்று மாதம் சமாளித்தாள். நாலாவது மாதத்திலிருந்து ஒன்று விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்தாள். டாக்டரிடம் சொல்லவில்லை. சார்லட்டில் இருக்கிற மகள் கார்லிஸிடமும் மூச்சு விடவில்லை.

கடலோரத்து அமெரிக்க மரைன் படை முகாமில் ஒரு காலத்தில் கிணற்றுத் தண்ணீர் கெட்டுக் கிடந்தது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். துணி வெளுக்கிற மருந்தும் எண்ணெய்க் கசிவும் மண்ணுக்குள் இறங்கி, அதையே வருஷக்கணக்காகக் குழாயில் விட்டிருக்கிறார்கள். டி.வி.யில் வக்கீல்கள் விளம்பரம் போட்டே காதைப் புளிக்க வைத்துவிட்டார்கள். அதெல்லாம் வழக்குப் போடுகிறவர்கள் சமாச்சாரம் என்று ஒடெஸா ஒதுக்கி வைத்திருந்தாள். சர்ச்சில் கூட வேலை செய்கிற ஒருத்திதான் விவரம் சொன்னாள். வழக்கு வேறு, இது வேறு. அந்த முகாமில் குடியிருந்த வீரர்களின் மனைவி மக்களுக்கு, பட்டியலில் உள்ள நோய் வந்தால், மற்ற காப்பீடுகள் கொடுத்தது போக மிச்சச் செலவை அரசாங்கம் திருப்பித் தருகிறது. சிறுநீரகப் புற்று பட்டியலில் இருக்கிறது. ஒரே நிபந்தனை, குறைந்தது முப்பது நாள் முகாமில் வாழ்ந்திருக்க வேண்டும்.

ஒடெஸா வாழ்ந்திருக்கிறாள், 1976 கோடையில். அப்போது இருபத்தோரு வயது. இடுப்பில் ஐந்து மாதக் கைக்குழந்தையாகக் கார்லிஸ். கணவன் ஹாலிஸ் பிரிட்ஜென் மரைன் படையில் சார்ஜென்ட். பின்னால் விவாகரத்து ஆகிவிட்டதே என்று தயங்கினாள். அங்கே இருந்த சமயத்தில் மனைவியாக இருந்தாயா, அது போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

மாவட்ட அலுவலகத்தில் படைவீரர் குடும்பங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவள் ஜனெல் ஃபட்ரெல். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். பொறுமைசாலி. அவளே முகாமுக்கு எழுதிப் போட்டு வீட்டு ஒதுக்கீட்டு அட்டையின் நகலை வரவழைத்தாள். குடி வந்த தேதி ஜூலை 6 என்று சுத்தமாக இருந்தது. காலி செய்த தேதி எழுத வேண்டிய கட்டத்தில் ஒன்றுமே இல்லை. அதனால் ஒடெஸாவே கைப்பட ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தாள். கணவருக்கு ஒகினாவா தீவுக்கு மாற்றல் வந்தது, ஆகஸ்ட் 3 அன்று வீட்டுச் சோதனை நடந்தது, முதல் சோதனையிலேயே தேறினோம், அன்றே கிளம்பினோம். தேறினீர்களா என்று அந்தத் தாளில் எவனும் கேட்கவில்லை. அவளாக எழுதினாள்.

இரண்டு மாதம் கழித்து பதில் வந்தது. ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 3 வரை இருபத்தொன்பது நாள். முப்பது நாள் ஆகவில்லை. வேறு சான்று இருந்தால் அனுப்பலாம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒடெஸா ஜனெலின் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஜனெல் காலண்டரில் விரல் வைத்து மறுபடி எண்ணிப் பார்த்தாள். அதே இருபத்தொன்பது.

"மிஸ் ஒடெஸா, நல்லா யோசிச்சுப் பாருங்க. மறுநாள் கிளம்பியிருக்கலாம் இல்லையா? ஒரே ஒரு நாள்தான் வேணும்."

ஒடெஸா கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"மூணு நாள்" என்றாள் கடைசியில். "மூணு நாள் கழிச்சுத்தான் கிளம்பினோம். நாங்க தேறலை, கண்ணு."

முகாம் வீட்டைக் காலி செய்வது என்பது சாவியைக் கொடுத்துவிட்டு வருகிற காரியம் இல்லை. சோதனைக்காரன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வருவான். கதவுச் சட்டத்தின் மேல், குளிர்பெட்டியின் பின்னால், அடுப்பின் உட்புறம், எல்லா இடத்திலும் விரலை ஓட்டுவான். பெண்கள் ஒரு வாரம் பல் துலக்குகிற பிரஷ் வைத்துத் தேய்ப்பார்கள். தேறவில்லை என்றால் வீட்டை விட்டுப் போக முடியாது. மறுபடி தேய்த்து மறுபடி சோதனை. அந்தத் தெரு முழுக்க அன்று மத்தியானத்துக்குள் சேதி போய்விடும். புருஷனின் மேலதிகாரி காதுக்கும் போகும்.

சோதனை நடந்தபோது ஒடெஸா வீட்டில் இல்லை. குழந்தை அழுகிறது என்று பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்திருந்தாள். ஹாலிஸ் வந்து வாசலில் நின்றுகொண்டு, அடுப்பில் கோட்டைவிட்டுவிட்டாயே என்று ஒரு வார்த்தை சொன்னான். சாமான்களெல்லாம் அதற்கு முந்தின நாளே லாரியில் ஏறிப் போய்விட்டன. மூன்று நாள் வெறுந்தரையில் கம்பளி விரித்துப் படுத்தார்கள். அவள் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு, கை தோல் உரியத் தேய்த்தாள். ஹாலிஸ் வெளிவேலையைப் பார்க்கிறேன் என்று வெளியிலேயே இருந்தான். ஆகஸ்ட் வெயில். தாகத்துக்கு அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் செம்பு செம்பாகக் குடித்தார்கள்.

ஊருக்கு வந்து அம்மாவிடம், முதல் தடவையே தேறிவிட்டோம், வண்டிதான் தாமதம் என்றாள். தங்கைகளிடம் அதையே சொன்னாள். சொல்லிச் சொல்லி நாற்பத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. ஹாலிஸ் விட்டானா? முழுப்பன்றி சுடுகிற ஒவ்வொரு விருந்திலும், நாலு பேர் தட்டோடு நிற்கிற இடமாகப் பார்த்து, ஒடெஸாவோட அடுப்பால அமெரிக்க ராணுவமே மூணு நாள் காத்துக் கிடந்தது என்று ஆரம்பிப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். பதினொரு வருஷம் இந்தக் கதையைக் கேட்டாள். 1987இல் அவனை விட்டு வந்ததற்கு வேறு காரணங்கள் உண்டு. இதுவும் அதில் சேர்த்திதான்.

ஜனெல் கேட்டு முடித்துவிட்டு, இப்போது மாற்றிச் சொன்னால் மட்டும் போதாது என்றாள். தேவைக்குத் தகுந்தபடி நாளைக் கூட்டிக்கொள்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். காகிதம் வேண்டும். அந்தச் சோதனைத் தாளின் நகல் ஒன்றைப் படைவீரர் கையில் கொடுத்திருப்பார்கள்.

ஒடெஸா ஹாலிஸுக்குப் போன் செய்தாள். கார்லிஸின் கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டதே பத்துத் தடவை இருக்காது. விஷயத்தைச் சொன்னாள். அப்படி ஒரு தாள் இல்லவே இல்லை என்று சொல்லிப் பட்டென்று வைத்துவிட்டான். ஹாலிஸா, தாள் இல்லை என்கிறவனா? பூட்ஸுக்கு மெருகு வாங்கின சீட்டைக்கூடத் தேதிவாரியாக அடுக்கி வைக்கிறவன். ஒடெஸா சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு அவன் இருக்கிற ரிச்லண்ட்ஸுக்குக் கிளம்பினாள்.

கதவைத் திறந்தது மார்வெல்லா, ஹாலிஸின் இரண்டாவது மனைவி. கைநிறைய மொச்சைத் தோல். இருவருக்கும் பகை ஒன்றும் கிடையாது. சவ ஊர்வலங்களில் பார்த்தால் சிஸ்டர் என்று கட்டிக்கொள்வார்கள். ஒடெஸா வந்த காரியத்தைக் கேட்டதும் மார்வெல்லா உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"இல்லைன்னா சொன்னாரு? சிஸ்டர், இந்த வீட்டுல எனக்குத் துணி வைக்க அலமாரி கிடையாது. அத்தனையும் சார்ஜென்டோட காகிதம். உள்ள வாங்க."

ஹாலிஸ் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தான். எழுபத்து மூன்று வயதிலும் முதுகு வளையவில்லை. சட்டையில் இஸ்திரி மடிப்பு. ஒடெஸாவைப் பார்த்ததும் பழைய காகிதமெல்லாம் ஒரு வெள்ளத்தில் போய்விட்டது என்றான். எந்த வெள்ளம் என்று மார்வெல்லா கேட்டாள். புயலடித்த வருஷம் வந்த வெள்ளம் என்றான். அந்த வெள்ளம் வாசல்படியைக்கூடத் தொடவில்லை என்றாள் அவள். பிறகு அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தின குப்பையைக் கிளறி இப்போது யாருக்கு என்ன லாபம் என்று குரலை உயர்த்தினான்.

ஒடெஸா பதிலுக்குச் சத்தம் போடவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மகளிடம்கூடச் சொல்லாததை அவனிடம் சொன்னாள்.

"மாத்திரைய ஒண்ணு விட்டு ஒருநாள் போட்டுக்கிட்டிருக்கேன், ஹாலிஸ். அஞ்சு மாசமா."

மார்வெல்லா மொச்சை உரிப்பதை நிறுத்தினாள். ஹாலிஸ் எழுந்து பின்னறைக்குப் போனான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தேடவே இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் போய் எடுத்து வருகிற மாதிரி, ஒரு மஞ்சள் பூத்த தாளைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். வைத்துவிட்டு உட்காரவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

ஒடெஸா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். முதலில் தேதியைத்தான் பார்த்தாள். மேலே ஆகஸ்ட் 3, தேறவில்லை. கீழே ஆகஸ்ட் 6, தேறியது. இரண்டு இடத்திலும் சோதனைக்காரன் கையெழுத்து, ஹாலிஸின் கையெழுத்து. ஜூலை 6இலிருந்து முப்பத்திரண்டு நாள். அப்பாடா என்று மூச்சு விட்டபிறகுதான் நடுவில் இருந்த வரிகளைப் படித்தாள். குளியலறை சரி. தரை சரி. அடுப்பு, மிக நன்று. கார் நிற்கும் இடம், தரையில் எண்ணெய்க் கறை, தேறவில்லை.

இன்னொரு தடவை படித்தாள். ஹாலிஸ் அப்போது ஒரு பழைய பிளிமத் கார் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் அதன் அடியில்தான் கிடப்பான்.

"அடுப்பு நல்லா இருந்துச்சு" என்றாள்.

"இருந்துச்சு."

"மூணு நாள் தேய்ச்சேன் ஹாலிஸ். நல்லா இருந்த அடுப்ப."

அவன் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினான். மேலே பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த நேரம். தெருவில் யாரோ கேட்டார்கள். வாயில் அடுப்பு என்று வந்துவிட்டது. ஒரு தடவை சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை. விருந்தில் சொன்னதும் ஜனங்கள் சிரித்தார்கள். இவ்வளவுதான் அவன் சொன்னது. மன்னிப்பு என்கிற வார்த்தை வரவில்லை.

"எனக்கும் முப்பது வருஷமா அதே அடுப்புக் கதைதான் சிஸ்டர்" என்றாள் மார்வெல்லா. "ஒருநாள் உங்ககிட்ட கேக்கணும்னு நெனச்சிருந்தேன், அப்படி என்னதான் சுட்டீங்கன்னு."

ஒடெஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். அது எங்கோ பின்னால் நின்றது, கிட்டே வரவில்லை. தாளை மடிக்காமல் உறையில் வைத்தாள். இன்னும் ஒரு வேலை பாக்கி என்று ஹாலிஸிடம் சொன்னாள். தாளில் அவன் பெயர்தான் இருக்கிறது. அந்த மூன்று நாளும் மனைவியும் குழந்தையும் அதே வீட்டில்தான் இருந்தார்கள் என்று அவன் எழுதித் தர வேண்டும். முதலில் தேதி ஏன் தப்பாகப் போனது என்பதும் அதில் வர வேண்டும்.

"காரணத்தையுமா?" என்றான்.

"காரணத்தையும்தான்."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவன் மாவட்ட அலுவலக வாசலில் நின்றான். ஒடெஸா வருவதற்கு முன்பே வந்திருந்தான். வாக்குமூலத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தான், அச்செழுத்துப் போலத் தனித்தனி எழுத்தில், ராணுவ அறிக்கை மாதிரி. ஜனெல் வழக்கப்படி அதை அவன் முன்னாலேயே வாய்விட்டு வாசித்தாள். கறை என்னுடைய காரிலிருந்து வந்தது. அடுப்பு என்று மனைவியிடம் பொய் சொன்னேன். அவளும் மகளும் ஆறாம் தேதி வரை அந்த வீட்டில்தான் இருந்தார்கள், அங்கேதான் தண்ணீர் குடித்தார்கள். அடுத்த மேஜையில் இருந்த இரண்டு கிழவர்கள், அவர்களும் பழைய மரைன்கள், பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஹாலிஸ் நிமிர்ந்தே நின்றான். கையெழுத்துப் போட்டான். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஒடெஸாவும் தன் பழைய வாக்குமூலத்தைத் திருத்தி எழுதினாள். தேறவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு ஆகஸ்ட் 3 என்று எழுதிவிட்டேன் என்று எழுதினாள். வெட்கம் என்கிற வார்த்தை அவசியம் இல்லை, எடுத்துவிடலாம் என்றாள் ஜனெல். இருக்கட்டும் என்றாள் ஒடெஸா.

பதினோரு வாரம் கழித்து, அக்டோபர் கடைசியில், ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. இனி வருகிற செலவும், விண்ணப்பித்த தேதிக்கு முன்னால் கட்டியதில் ஒரு பங்கும் கிடைக்கும் என்று இருந்தது. ஒடெஸா நின்றபடியே படித்தாள். மருந்துக்கடைக்குப் போன் செய்து முழு மாதத்துக்கும் எடுத்து வைக்கச் சொன்னாள். அடுத்ததாக டாக்டரைக் கூப்பிட்டு, மாத்திரையை ஒன்று விட்டு ஒரு நாள் போட்ட கதையைச் சொன்னாள். அவர் நன்றாகத் திட்டினார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். நுரையீரலைப் படம் எடுத்துப் பார்த்தால்தான் சேதம் எவ்வளவு என்று தெரியும், வியாழக்கிழமை வா என்றார்.

கார்லிஸைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை லீவு போட முடியுமா என்று கேட்டாள். எதற்கு என்று மகள் கேட்டாள். ஒடெஸா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.