பஸ் தள்ளிய சிப்பாய்

என் அண்ணன் என்னோடு செஸ் ஆட உட்கார்ந்தால் முதலில் செய்கிற வேலை, தன் பக்கத்து மூலையில் நிற்கும் ஒரு கோட்டையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதுதான். பள்ளிக்கூட நாட்களில் தங்கச்சி நான் தோற்றுத் தோற்று அழுததைத் தாங்க முடியாமல் அவர் கொடுத்த சலுகை அது. எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. தலைக்கு மை பூசுகிறேன். கோட்டை மட்டும் இன்னும் சட்டைப்பைக்குள்தான் போகிறது. ஒருமுறை அது பையிலேயே கிடந்து, அண்ணி துவைக்கப் போட்ட துணிகளோடு ஊறி, கறுப்புச் சாயம் பாதி போய் வெளியே வந்தது. அந்த வெளிறிய கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கோட்டை குறைவாக ஆடியும் பெரும்பாலும் அவரே ஜெயிப்பார் என்பதால் கோபத்தை வெளியே காட்டவும் வழியில்லை.

அண்ணன் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் டீமேக்கர். தேயிலையை முகர்ந்து பார்த்தே எங்கே பிழை நடந்தது என்று சொல்லிவிடுவார். நான் பிலிமத்தலாவையில் குடியிருந்து, கண்டி டவுனில் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக வேலை பார்க்கிறேன். காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஃபோனில் ஓர் ஆட்டம் ஆடுவேன். ஆளுக்குப் பத்து நிமிடம். எதிரில் இருப்பவர் எந்த நாட்டுக்காரர் என்று ஒரு குட்டிக் கொடி காட்டும், அவ்வளவுதான். கிரிபத்கும்புரயில் தொடங்கினால் கண்டிக்குள் நுழைவதற்குள் முடிந்துவிடும். நான் எப்போதும் குதிரையை வெளியே எடுத்துத்தான் தொடங்குவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், வேறு எதையும் முயன்று பார்க்கத் தோன்றியதில்லை.

அன்று எனக்கு வெள்ளைக் காய்கள். குதிரையை எடுக்கக் கட்டைவிரலை வைக்கிற நேரம், முன்னால் போன சிவப்பு பஸ்ஸை முந்தப் பார்த்த எங்கள் டிரைவர், பஸ் ஹோல்டில் நாலு பேர் நிற்பதைக் கண்டு ஒரு பிரேக் போட்டார் பாருங்கள். நின்றவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். என் விரல் குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயைப் பிடித்து, ஒரே இழுப்பில் இரண்டு கட்டம் தள்ளிவிட்டது. ராஜா ஒளிந்துகொள்ள வேண்டிய பக்கத்தில் வேலியை நானே பிடுங்கி எறிந்த மாதிரி. ஃபோனில் வைத்த காயைத் திரும்ப எடுக்க முடியாது.

எதிராளி உடனே ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே விட்டார். அதனால் அவருடைய பிஷப்புக்கு வழி திறந்தது. அந்தப் பிஷப் என் அநாதைச் சிப்பாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் டிரைவரை மனதுக்குள் திட்டுவதிலேயே கடிகாரத்தை ஓடவிட்டேன். பிறகு வேறு வழி தெரியாமல், திறந்து கிடந்த சந்தில் என் பிஷப்பை ஒரு கட்டம் ஏற்றி வைத்தேன். அவர் சிப்பாயை வெட்டினார். சரி, போனது போகட்டும் என்று பலகையைப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. வெட்ட வந்த பிஷப் வீட்டைத் திறந்துபோட்டு வந்திருந்தது. என் பிஷப்பிலிருந்து அவருடைய மூலைக் கோட்டைவரை குறுக்காக ஒரே நேர்ப்பாதை. நடுவில் அவர் முதலில் முன்னே விட்ட அந்தச் சிப்பாய் மறைத்து நின்றது. அதை இழுக்க வேண்டுமே! இன்னொரு சிப்பாயை இரையாகப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். மனுஷன் பேராசைக்காரர், அதையும் வெட்டினார். பாதை திறந்தது. என் பிஷப் போய் வழியில் ஒன்றைத் தின்று, அடுத்த மூவில் கோட்டையையும் தின்றது.

முப்பத்துச் சொச்சம் மூவில் அவர் கையைத் தூக்கிவிட்டார். கண்டக்டர் “பஹின்ன, பஹின்ன!” என்று எல்லாரையும் இறங்கச் சொல்லிக் கத்தியபோதுதான் பஸ் நின்றதே எனக்குத் தெரிந்தது. 

அதோடு விட்டிருக்கலாம். ஆட்டத்தை அண்ணனுக்கு அனுப்பினேன். கூடவே, “கொஞ்சம் புதுசா ஆடிப் பாத்தேண்ணே” என்று ஒரு வரி. ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டால், அந்த வெளிறிய கோட்டைதான் காரணம். ஒரு தடவையாவது அவர் என்னை ஓர் ஆட்டக்காரியாக நினைக்க வேண்டும் என்று ஆசை. சாயங்காலம் பதில் வந்தது. “போயாவுக்கு வா. இத ஒக்காந்து பாக்கணும்.” என் ஆட்டத்தைப் பற்றி அவர் அப்படிச் சொன்னதே இல்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில் காரணமில்லாமல் எல்லாருக்கும் டொஃபி வாங்கிக் கொடுத்தேன்.

பௌர்ணமிப் போயா லீவு அன்று கண்டியில் பஸ் மாறி, தலாத்துஓயா வழியாக அவர்களுடைய குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்தேன். மேசையில் பலகை தயாராக இருந்தது. பக்கத்தில் கோடு போட்ட ஒரு சி.ஆர். கொப்பி, கூராகச் சீவிய பென்சில். அண்ணி ஒரு கிண்ணம் கடலைச் சுண்டலை நடுவில் வைத்துவிட்டு, தானும் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவருக்குச் செஸ் தெரியாது. அண்ணன் யாரையாவது குறுக்குவிசாரணை செய்தால் பக்கத்தில் இருந்து பார்ப்பது அவருக்குப் பிடிக்கும்.

அண்ணன் அந்தச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தார்.

“மொத மூவு. ஏன்?”

“எல்லாரும் நடுவுலதானே ஆடுவாங்க. நான் ஓரத்துலேர்ந்து வரலாம்னு நெனச்சேன்.”

“ம்.” எழுதிக்கொண்டார். “கம்ப்யூட்டர் இது தப்புன்னு காட்டுதே?”

“கம்ப்யூட்டருக்கு என்னண்ணே தெரியும்? மனுஷனக் குழப்புறதுக்குத்தான் அது.”

எனக்கே என் வாய்மேல் ஆச்சரியமாக இருந்தது. ஒன்றைச் சொன்னால் அதைத் தாங்க இன்னொன்று தேவைப்பட்டது. முதல் மூவிலேயே மூலைக் கோட்டையைக் குறி வைத்தேன் என்றேன். சிப்பாயை வேண்டுமென்றேதான் தூண்டிலில் மாட்டினேன் என்றேன். அள்ளிவிட்டேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார். அவ்வளவு மரியாதையோடு அவர் என்னைப் பார்த்ததில்லை. சுண்டலின் தேங்காய்ச் சொட்டுகூட அன்று தனி ருசியாக இருந்தது.

ஐந்தாவது மூவுக்கு வந்ததும் அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“சரி. வாற சனிக்கிழம ஸ்டாஃப் கிளப்புல பெரிய கிளார்க்கோட எனக்கு ஃபைனல். இத அவருக்கு ஆடப் போறேன்.”

எடுத்த சுண்டலைக் கிண்ணத்திலேயே போட்டேன். பெரிய கிளார்க்கை எனக்குத் தெரியும். வாய் பேசாமல் ஆளை விழுங்குகிற ஆட்டக்காரர். பேராசைப்படுகிற ஆள் இல்லை. இந்த முதல் மூவை வைத்தால் அண்ணனின் ராஜாவை அரைமணி நேரத்தில் நடுத்தெருவில் நிறுத்திவிடுவார். அதுவும் தோட்டத்து ஸ்டாஃப் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க.

“வேணாண்ணே.”

“ஏன் வேணாம்? நீதானே சொல்ற, குழப்புறதுக்குன்னு.”

“உங்களுக்கு அது சரிவராது.”

“ஒனக்குச் சரிவந்துச்சே?”

சொல்லாவிட்டால் அவர் அவமானப்படுவார். சொன்னால் இந்த அரைமணி நேர மரியாதை போய்விடும். ஒரு நிமிடம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன், முடியவில்லை.

“அண்ணே, அது நான் வச்ச மூவு இல்ல. குதிரையத்தான் எடுக்கப் போனேன். பஸ்ஸுக்காரன் பிரேக் போட்டுட்டான்.”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் சிரிக்கவில்லை. கொப்பியை என் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு மூவுக்கும் நேரே, அதற்கு நான் எடுத்துக்கொண்டதாக ஃபோன் காட்டிய நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். முதல் மூவுக்கு ஒரு செக்கன். இரண்டாவதற்கு ஒரு நிமிடம் ஐம்பது செக்கன்.

“திட்டம் போட்டு ஆடுற ஆளு ரெண்டாவது மூவுக்கே ரெண்டு நிமிஷம் முழிக்குமா? நீ அனுப்பின அன்னைக்கே தெரியும்.”

“அப்போ ஃபைனல்?”

“அப்பிடி ஒண்ணுமே இல்ல. நீ எவ்வளவு தூரம் போவேன்னு பாத்தேன்.”

“அரைமணி நேரமா என்னைய ஆட விட்டுப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?”

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கிண்ணத்தோடு சுண்டலை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்றும் தோன்றியது. “ஆமா, பொய்தான் சொன்னேன். முப்பது வருஷமா ஒரு கோட்டையப் பையில போட்டுக்கிட்டு ஆடுறீங்க. எனக்கு எப்பிடி இருக்கும்?” என்று கேட்டுவிட்டேன். இத்தனை வருடத்தில் கேட்காததை.

அவர் கொப்பியில் மூன்றாவது வரியைப் பென்சிலால் தட்டினார். நான் இரை வைத்த மூவ்.

“நாப்பது செக்கன் யோசிச்சிருக்க. நான் போட்டுப் பாத்தேன், எனக்கு இது தோணல. இத யாரு வச்சது? டிரைவரா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணி அதற்காகவே காத்திருந்தவர்போல் வீடு அதிரச் சிரித்தார்.

அண்ணன் காய்களை மறுபடி அடுக்கினார். எனக்கு வெள்ளை, அவருக்குக் கறுப்பு. கடைசியில் கை அந்த வெளிறிய கோட்டைக்குப் போனது. பழக்கத்தில் நானும் அவருடைய சட்டைப்பையைப் பார்த்தேன். அவர் அதை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்து, மூலைக் கட்டத்தில் நேராக நிற்க வைத்தார்.

“ஆடு” என்றார்.

பஸ்ஸும் இல்லை, பிரேக்கும் இல்லை. அதே சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன், இந்த முறை என் கையாலேயே. பத்தொன்பதாவது மூவில் தோற்றேன். ஆட்டம் முடியும்வரை அந்தக் கோட்டையை அசைக்கிற தேவையே அவருக்கு வரவில்லை. ஆனாலும் அது அங்கேதான் நின்றது.