அங்கம்மாள் காட்டு முனியப்பன்

சங்ககிரிக்குத் தெற்கே அங்கம்மாளுக்கு இரண்டு ஏக்கர் மரவள்ளிக்காடு. அதன் வேப்பமரத்தடியில் ஆள் உயரத்துக்கு ஓர் உலோகத் தகடு நிற்கும். மாமனார் ஏர் ஓட்டும்போது அகப்பட்டது. துருவே பிடிக்காததைப் பார்த்த அந்தக் காலத்துப் பூசாரி, முனியப்பனின் வாள் என்றுவிட்டார். அவ்வளவுதான், மஞ்சள் பூசி நட்டு, வருஷா வருஷம் கிடாயும் வெட்டினார்கள்.

லாரியோடு அசாம் போன மகன் யோகேஷ் திரும்பவில்லை. போலீஸ், லாரி முதலாளி என்று அலைந்து ஓய்ந்தபின், அவன் வீட்டில் விட்டுப்போன லாரியின் மாற்றுச் சாவியை அந்த வாளில் கட்டி வேண்டிக்கொண்டாள். பதினோரு வருஷமாகத் தினமும் விளக்கு.

போன கோடையில் காடு காய்ந்தது. போர் போட ரிக் வண்டியைக் கூப்பிட்டதும் அவள்தான், யாரை நோவது? முன்பு குட்டையாக இருந்து தூர்ந்துபோன இடத்தில், பதினைந்தாவது அடியில் தண்ணீருக்குப் பதில் அலுமினியத் துண்டுகள் வந்தன. அதன்பின் காடு அவளுடையதாக இல்லை. அதிகாரிகள் கயிறு கட்டி மூன்று வாரம் தோண்டி, உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானம் ஒன்றை எடுத்தார்கள். இன்ஜின், நசுங்கிய இறக்கை, ஒரு பூட்ஸ், அதற்குள் எலும்பு.

அதிகாரி ஆனந்தகுமார் நல்ல மனிதர்தான். "விமானத்து விசிறிக்கு மூணு இலைம்மா. ரெண்டு குழியில கிடைச்சிருச்சு. மூணாவது அதுதான்" என்று வேப்பமரத்தைக் காட்டினார். அங்கம்மாள் மரத்தை மறித்து நின்றாள்.

"ஏனுங்க சாமி, அது எங்க முனியப்பனுங்க. எம்பையன் வர்ற வரைக்குமாச்சும் உட்டுப்போடுங்க."

"என் கையில எதுவும் இல்லம்மா. மேலிடத்து உத்தரவு. அந்த விமானி வீட்டுல எண்பது வருஷமாத் தேடுறாங்க."

பிள்ளையைத் தேடுகிறவர்களோடு மல்லுக்கு நிற்க அவளுக்கு வாய் வரவில்லை. இப்போதைய பூசாரி கந்தப்பனோ வாளை எடுக்க வந்த அன்றைக்குப் பார்த்து ஊரிலேயே இல்லை. அவளே கற்பூரம் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

கிரேன் பெல்ட்டை மாட்டி வாளைத் தூக்கும் முன், ஆனந்தகுமார் சாவியை அவிழ்த்து அவள் கையில் வைத்தார். எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கறுத்திருந்தது. அவள் அதை அவரிடமே நீட்டினாள்.

"எண்பது வருஷத்து ஆளையே கண்டுபுடிச்சுட்டீங்க. எம்பையன் போயி பதினோரு வருஷந்தானுங்க ஆச்சு."

ஆனந்தகுமார் கை நீட்டவில்லை.