மடித்துக் கட்டிய ஓரம்

ஏழெட்டு வருடம் இருக்கும். அப்போது நான் ஆவடியில் ஒரு பேனர் கடையில் டிசைனர். அது சாயங்கால வேலை. பகலில் நகரத்தில் ஓர் ஓவியக் கல்லூரியில் பெயிண்டிங் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பதைவிட, போய் வந்துகொண்டிருந்தேன் என்றால் சரியாக இருக்கும். கோவில்பதாகையில் மாடியில் ஒரு தகரக் கூரை அறை. மழை வந்தால் கேன்வாஸைக் கட்டில் மேல் வைத்துவிட்டு நான் தரையில் படுத்துக்கொள்வேன். கேன்வாஸ் நனைந்தால் போயிற்று, நான் நனைந்தால் காய்ந்துவிடுவேன், அவ்வளவுதான் கணக்கு.

கல்லூரிக்கு மின்சார ரயிலில் போவேன். காலை நேரத்தில் என் டிராயிங் போர்டைத் தூக்கிக்கொண்டு சாதாரணப் பெட்டியில் ஏற முடியாது. நாலு பேர் முதுகில் இடிக்கும், நாலு பேர் திட்டுவார்கள். அதனால் வியாபாரிகள் கூடையோடு ஏறும் வெண்டர் பெட்டிதான் எனக்கு. பூ, கொய்யா, கருவாடு, கீரை, நடுவில் நான். முதல் நாள் ஏறியபோதே கீரைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"இன்னா நைனா, யாரு ஊட்டுக் கதவக் கயட்டிகினு வந்துட்டே?"

பெட்டியே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு அங்கே 'கதவு' என்றுதான் பெயர். கதவு வந்தால் இடம் விடுவார்கள். கதவு வராவிட்டால் மறுநாள் விசாரிப்பார்கள்.

அந்த அக்காவும் கோவில்பதாகைதான். ஆவடியில் ஏறி பெரம்பூரில் இறங்கித் தெருத்தெருவாகக் கீரை விற்பார். கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு இறக்கும்போது விபத்தில் இறந்துவிட்டார். ஒரே மகள், ரெண்டாவது படிக்கிறாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் தம்பி துணைக்கு இருந்தார். இதையெல்லாம் அவர் சொல்லும்போது குரலில் ஏற்ற இறக்கமே இருக்காது. கீரை விலை சொல்வதுபோலச் சொல்வார். அக்காவின் காதில் கம்மல் கிடையாது. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க ஒரு வேப்பங்குச்சியை உடைத்துச் செருகியிருப்பார்.

இந்த நேரத்தில் கல்லூரியில் எனக்கு ஒரு சிக்கல். கடைசி வருடத்துக்கு ஒரு முகச்சித்திரம் வரைந்து கொடுக்க வேண்டும். நான் வரைந்து எடுத்துப்போனதை வாத்தியார் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "விசேஷம் எந்த மண்டபத்துல?" என்று கேட்டார்.

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது சரிதான். பேனர் கடையில் எந்த முகம் வந்தாலும் முதலில் வெளுக்க வேண்டும். மருவை எடு, சுருக்கத்தை எடு, கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பை எடு. சட்டை சரியில்லையா, கம்ப்யூட்டரில் கோட்டு இருக்கிறது, மாட்டு. காது மூளியா, ஜிமிக்கி இருக்கிறது, மாட்டு. தினமும் இதையே செய்து செய்து, பிரஷ்ஷைப் பிடித்தாலும் கை அதையே செய்தது. நான் வரைந்த கிழவர்கூட ரோஸ் பவுடர் போட்டதுபோல இருந்தார்.

வேறு முகம் வரையச் சொல்லி வாத்தியார் அவகாசம் கொடுத்தார். முன்னால் வந்து உட்கார யார் இருக்கிறார்கள்? அக்காவிடம் கேட்டேன். "என் மூஞ்சியில இன்னா கீதுன்னு வரையப்போறே?" என்றார். ஆனால் மறுநாள் எண்ணெய் தேய்த்து வாரிக்கொண்டு வந்து, கதவோரமாக வெளிச்சம் விழும் இடத்தில் கூடையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பட்டரவாக்கம் தாண்டும்வரை அசைய மாட்டார். கருவாட்டுக்கார அம்மா, "மகாராணி கணக்கா குந்திகினு கீறா பாரு" என்று கிண்டலடிப்பார். அக்கா உதட்டை அசைக்காமலே பதிலுக்குத் திட்டுவார். ரயில் ஆடும், கோடு ஓடும். அறைக்கு வந்து அந்தக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து வண்ணத்தில் வரைவேன். கன்னத்துக் குழி, பல் போன இடம், காதில் வேப்பங்குச்சி எல்லாம் அப்படியே வந்தன. கை வெளுக்கப் போகும்போதெல்லாம் நிறுத்தினேன்.

அப்படி உட்கார்ந்திருந்த நாட்களில்தான் மகளுக்குக் காது குத்தப்போவதாகச் சொன்னார். மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவது. அப்பா இல்லாத பிள்ளை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று தம்பி மண்டபம் பிடித்திருக்கிறார், பேனர் வைக்கப்போகிறார். "மாமன்காரன் தூள் கெளப்புறான்" என்று பெட்டி முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

அந்தத் தம்பி பேனர் கொடுக்க வந்தது எங்கள் கடைக்குத்தான். நல்ல மனிதர். போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நடுவில் குழந்தை, பக்கத்தில் பெரிதாகத் தாய்மாமன், கீழே வரிசையாக மாமன் மச்சான்கள், ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள். ஸ்டாண்டில் நேற்று சேர்ந்தவர்கூட அதில் இருந்தார். எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, குழந்தையின் அம்மா போட்டோ எங்கே என்று கேட்டேன்.

அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது வாணாம்பா. சுபகாரியம். பெரியவங்க ஒரு மாதிரி பேசுவாங்க" என்றார்.

கணவரை இழந்த பெண்ணின் முகத்தை விசேஷ பேனரில் போட மாட்டார்கள். கடையில் இது எழுதாத சட்டம். நானே எத்தனையோ பேனரில் அப்படி விட்டிருக்கிறேன். கேள்வி கேட்டதில்லை. டிசைன் முடித்து அனுப்பினேன். அவர் ஓகே என்று போட்டுவிட்டார்.

மறுநாள் ரயிலில் அக்கா வழக்கம்போல உட்கார்ந்தார். நான் பென்சிலை எடுத்தேன். ரயில் அம்பத்தூரைத் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே கேட்டார்.

"நைனா, பேனரு உங்க கடையிலதான குடுத்துகீறான். அதுல நான் கீறேனா?"

இல்லை என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்ததால் பொய் வரவில்லை.

"சர்தான்" என்றார். "புள்ள மூஞ்சி நல்லா வந்துகீதா?"

நன்றாக வந்திருக்கிறது என்றேன். பெரம்பூரில் கூடையைத் தூக்கிவிட்டேன். இறங்கிப் போகும்போது அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் பேனர் பிரிண்டுக்குப் போக வேண்டும். வலது ஓரத்தில் வாழைமரமும் பூவும் வைத்த இடம் ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு, என் ஓவியத்தைப் போனில் படம் பிடித்து அங்கே அக்காவின் முகத்தை வைத்தேன். காதுக்கு ஒரு ஜிமிக்கி எடுத்து மாட்டிப் பார்த்தேன். யாரோபோல ஆகிவிட்டார். கழற்றிவிட்டேன். அத்தனை வெள்ளை முகங்களுக்கு நடுவில் ஒரு கறுத்த முகம், ரயில் கதவு வெளிச்சத்தோடு. முதலாளி கடையில் இல்லை. பிரிண்ட் கொடுத்தேன். அடுத்து என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. வேலை போனால் வேறு வேலை. அது எனக்குப் புதிதில்லை. இதனால் சபையில் அக்காவுக்கு ஏதாவது பேச்சு வந்துவிட்டால்?

விசேஷத்தன்று மண்டபத்துக்குப் போனேன். அக்கா சாப்பிட அழைத்திருந்தார். உள்ளே நுழைந்ததும் பேனரைப் பார்த்தேன். மேடைக்குப் பின்னால் நன்றாக விறைப்பாக மரச் சட்டத்தில் அடித்திருந்தார்கள். ஆனால் வலது ஓரம் இல்லை. சட்டத்துக்கு ஏற்றபடி ஓரத்தை மடித்து ஆணி அடிப்பது வழக்கம்தான். இங்கே ஒரு முழத்துக்கு மேல் பின்னால் மடித்து அடித்திருந்தது. அக்காவின் முகம் சுவர்ப் பக்கம் போய்விட்டது. மடிப்புக்கு வெளியே ஒரு காது மட்டும் மிச்சம்.

தம்பி என்னைப் பார்த்தார். கிட்டே வந்து, "யாரக் கேட்டுப்பா போட்டே?" என்றார். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகக் கேட்டார். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டார். அக்கா சமையல் பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். மேடைப் பக்கம் வரவே இல்லை. வந்தது சரியில்லையோ என்று தோன்றியது. சாப்பிடாமலே கிளம்பிவிடலாம் என்று நின்றேன்.

மேளம் வாசித்தார்கள். தாய்மாமன் பட்டு வேட்டியோடு மனையில் உட்கார்ந்தார். ஆசாரி கம்பியோடு தயாராக இருந்தார். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய குழந்தையைக் கூட்டிவந்தார்கள். மடியில் உட்காரவைக்கும் நேரத்தில் அவள் பேனரைத் திரும்பிப் பார்த்தாள். தன் படத்தைப் பார்க்கத்தான் திரும்பியிருப்பாள். பார்வை ஓரத்துக்குப் போய் நின்றது. அந்தக் காதில் வேப்பங்குச்சி இருந்தது.

"மாமா, அம்மாவ ஏன் மடிச்சி வெச்சிகீறே?"

மேளம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. எல்லோருக்கும் கேட்டது. காது குத்தப் பயந்துகொண்டு பேச்சை மாற்றுகிறாள் என்று ஒருவர் சிரித்தார். மாமன் அவளைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார். உட்காரவில்லை. அம்மாவைப் பிரித்தால்தான் மடியில் உட்காருவேன் என்று நின்றாள். நல்ல நேரம் போகிறது என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது.

அவள் சட்டத்தைப் பிடித்து இழுக்கப் போனாள். மாமன் எழுந்து ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே கொஞ்ச நேரம் அந்தக் காதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆணி கீது, கைய கியிச்சுடும். நீ போய் குந்து பாப்பா. நான் எடுக்கறேன்" என்றார்.

ஆட்டோவிலிருந்து கட்டிங் பிளேயர் வந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலையோடு நின்று ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கினார். தடுக்கவந்த பெரியவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவர் உட்கார்ந்துவிட்டார். ஓரம் பிரிந்து தொங்கியது. சட்டத்துக்கு வெளியே அக்காவின் முகம் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது, ரயிலில் ஆடுவதுபோல.

அதன்பிறகுதான் குழந்தை மடியில் உட்கார்ந்தாள். காது குத்தும்போது ஊரே கேட்கும்படி அழுதாள்.

சாப்பிடும்போது அக்கா எனக்கு இலையில் பாயசம் ஊற்ற வந்தார். கண் சிவந்திருந்தது. குனிந்து மெதுவாகச் சொன்னார்: "இருந்தாலும் பல்லு போன எடத்த வுட்டிருக்கலாம், நைனா."

கடையில் முதலாளி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு சரியாகிவிட்டார். கல்லூரியில் வாத்தியார் படத்தைப் பார்த்துவிட்டு மண்டபம் எது என்று கேட்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் எழுத்துப் பரீட்சையில் நான் தேறவில்லை. மறுபடி எழுதவும் இல்லை. ஓசூரில் விளம்பர போர்டு வேலை இருக்கிறது என்றார்கள், போய்விட்டேன். அங்கிருந்து திருப்பூர், அப்புறம் சூரத், அப்புறம் கொச்சி. அந்த ஓவியம் கல்லூரியில் எந்த மூலையில் கிடக்கிறதோ, கிடக்கிறதா என்பதே தெரியாது. பெயிண்டிங் நிலைக்கும், பேனர் மூன்று நாள் கூத்து என்று வாத்தியார் அடிக்கடி சொல்வார்.

போன ஆடி மாதம் ஒரு வேலையாக ஆவடிக்குப் போனேன். மார்க்கெட் பக்கம் நடந்தபோது வெயிலுக்கு மறைப்புக் கட்டிய ஒரு கீரைக் கடை. பழைய ஃபிளெக்ஸை வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி கட்டியிருந்தார்கள். உள்ளே குனிந்து நிமிர்ந்தால் தலைக்கு மேலே அத்தனை பேரும் இருந்தார்கள். தாய்மாமன், ஆட்டோ ஸ்டாண்டு, எல்லாம் வெளுத்து ஆவியாகப் போயிருந்தது. ஓரத்தில் அக்கா மட்டும் இன்னும் தெரிந்தார். கீழே நிஜ அக்கா அரைக்கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு பெண், காதில் சின்னத் தோடு, கீரை கட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிய அதிக நேரம் ஆகவில்லை.

"இன்னா நைனா, கதவு எங்க?"

இப்போதும் பேனர் வேலைதான் செய்கிறேன், எத்தனையோ ஊரில் எத்தனையோ முகங்களை வெளுத்துக் கொடுத்தாயிற்று; ஆனாலும் ஒரு முகத்தில் ஒரு சுருக்கத்தையோ மருவையோ அழிக்கப்போகும் ஒவ்வொரு முறையும், அதை வைத்துத்தான் யாராவது ஒரு குழந்தை தன் அம்மாவைத் தேடுமோ என்று என் கை ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறது.