பேத்தியின் கழுத்தில் ஒரு தடம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். இரண்டு வருசத்துக்கு முந்திய தீபாவளிக்கு, மடுல்சீமைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குக் கொழும்பிலிருந்து பேத்தி வந்திருந்தாள்.

அவள் வாசிப்பது வயலின் இல்லை, வயோலா. பார்க்க அப்படியேதான் இருக்கும். கொஞ்சம் பெரிசு, குரலும் கொஞ்சம் கனம். பதுளையில் விடுதியில் தங்கிப் படித்தபோது ஒரு கன்னியாஸ்திரி கற்றுக்கொடுத்தது. இப்போது கொழும்பில் அவளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். தீபாவளிக்கு அடுத்த வாரம், பின்னால் அத்தனை பேர் வாசிக்க, முதல் தடவையாக அவள் மட்டும் முன்னால் நின்று தனியாக வாசிக்க இருந்தாள். இந்தப் பெருமையைப் பேசிப் பேசியே அதிரசத்தில் பாதியைக் கருக்கிவிட்டேன். மிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

அவளுக்கு எண்ணெய் தேய்க்கும்போதுதான் பார்த்தேன். இடது தாடைக்குக் கீழே, கழுத்தில், பெரிய பொட்டு அளவுக்குக் கன்றிப்போய் ஒரு தடம்.

“என்னா புள்ள இது?”

“ஒன்னுமில்ல அப்பாயி, வேலையில வந்தது.”

பாட்டு சொல்லிக்கொடுக்கிற வேலையில் கழுத்தில் என்ன வரும்? அதற்குப் பிறகு எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் அங்கே நின்ற பெண்களிடமும் அதே பேச்சு.

“பேத்தி கழுத்துல என்னாக்கா அது?”

“கொசு கடிச்சிருக்கும்.”

“கொழும்புக் கொசுவுக்குப் பல்லும் மொளச்சிருக்கு போல!”

எல்லோரும் சிரித்தார்கள். பாதிக் குடத்தோடு திரும்பி வந்து மகனிடம் சொன்னேன். “கச்சேரிக்கு நானும் போறேன். முடிஞ்சதும் புள்ளய கூட்டிக்கிட்டு வந்துர்றேன். கொழும்பு போதும்.” காரணம் சொல்லவில்லை. அவனும் சரி என்றுவிட்டான். இது எதுவும் தெரியாத பேத்தி, நான் வருகிறேன் என்றதும் குதித்தாள்.

ரயில் தெமோதரை தாண்டுவதற்குள் நாலு தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். கொழும்பில் இறங்கியதும் உயரமாக ஒருத்தன் வந்து என் பையைத் தூக்கினான். கூட வாசிப்பவனாம். பார்த்தால் அவன் கழுத்திலும் அதே தடம்! பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வாசிப்பவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தொப்பையும் வழுக்கையுமாக ஒருத்தர். அவர் கழுத்திலும் தடம். என் வயசில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரம்மா. அதே இடத்தில், அதே தடம்.

“என்னாடி இது, எல்லாருக்கும்?”

பேத்தி வயோலாவைத் தூக்கித் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இறுக்கிக் காட்டினாள். அதன் விளிம்பு சரியாக அந்தத் தடத்தில் போய் உட்கார்ந்தது. “தெனம் ஆறு மணித்தியாலம் இப்பிடித்தான் அப்பாயி. ஏன், நீங்க என்னான்னு நெனச்சீங்க?”

நான் குனிந்துகொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது. மேடைக்குக் கூப்பிடுகிற நேரம்! பிள்ளையின் வாசிப்பை நானே கெடுத்துவிட்டேனே என்று உயிர் பதறியது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முன்னந்தலையைத் தொட்டாள். நாற்பது வருசம் கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்தி முடியே முளைக்காமல் போன இடம்.

“இத யாராச்சும் தப்பா கேட்டாங்களா அப்பாயி?”

பதிலுக்குக்கூட நிற்காமல் மேடைக்குப் போய்விட்டாள். அவள் வாசித்தது எனக்கு என்ன புரியும்? ஆனால் கை நடுங்கவில்லை, அது தெரிந்தது. முடிந்ததும் ஊரே எழுந்து நின்று கைதட்டியது. தனியாகத்தான் ஊர் திரும்பினேன். போகும்போது அந்த உயரமான பையனிடம் என் பையை நானே நீட்டினேன்.

இப்போதெல்லாம் யார் உடம்பில் தழும்பைக் கண்டாலும், இவர் எதைச் சுமந்தாரோ என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றுகிறது.