திரும்பி வந்த படம்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு புகைப்படம் பல வருடங்களாகக் கிடந்தது. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடையோடு, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி கண்ணை இடுக்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். யார் பார்த்தாலும் நல்ல படம் என்பார்கள். அந்தப் படத்தால்தான் அவள் படிப்பு நின்றது.

தொண்ணூறுகளின் கடைசியில், அரியலூர் பக்கம் கொள்ளிடக்கரையை ஒட்டிய ஒரு கன்னியர் மடத்து விடுதியில் நான் டியூஷன் டீச்சர். பக்கத்து ஊர் ஒன்றில் இரண்டு தெருக்காரர்களுக்குள் மூண்ட சண்டை கலவரமாகிக் கூரைகள் எரிந்தன. கூலிக்காரக் குடும்பங்கள் திசைக்கொன்றாகப் போயின. பள்ளிக்கூட பஸ் எதிராளிகளின் தெருவில்தான் நிற்கும். ஆகவே பெண்பிள்ளைகளின் படிப்பு முதலில் நின்றது. அவர்களைத் தேடிப்பிடித்து விடுதிக்குக் கூட்டிவந்தவர் விடுதியை நடத்திய சிஸ்டர். வெளிநாட்டில் முகம் தெரியாத ஒருவர் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்வார். வருடம் ஒருமுறை அந்தப் பிள்ளையின் படம் அவருக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு.

சிஸ்டருக்கு அப்போதே ஐம்பது தாண்டியிருந்தது. முழங்கால் வலி, தூக்கம் போதாத முகம். அரிசிக்கு ஓட்டம், ஆஸ்பத்திரிக்கு ஓட்டம், நடுவில் அப்பன்மாரிடம் போய் “இன்னும் ஒரு வருசம் பொறுங்க, கல்யாணம் எங்க ஓடிடப் போவுது” என்று கெஞ்சல். திரும்பும்போது பஸ் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, “செபம் பண்ணக்கூடத் தெம்பில்ல டீச்சர், ஆண்டவரு அட்ஜஸ்ட் பண்ணிக்குவாரு” என்பார்.

படம் எடுக்கும் நாள் அவருக்கு ஆகவே ஆகாது. வெளிநாட்டுப் பணத்தை வாங்கித் தரும் திருச்சி ஆபீசிலிருந்து எல்லாவற்றுக்கும் முறை சொல்லியிருந்தார்கள். புதுச்சட்டை கூடாது, படுகிழிசலும் கூடாது. பிள்ளைகளை மாமரத்தடியில் நிறுத்தி, “பல்லு தெரியக் கூடாது, அழுவவும் கூடாது. பசிக்குது, ஆனா தாங்கிக்குவேன்னு நில்லுங்கடி” என்று எரிச்சலோடு சொல்வார். காமிரா என் கையில் இருக்கும். ரோல் முடிந்ததும் கழற்றித் திருச்சிக்கு அனுப்பிவிடுவோம். கழுவி, வெளிநாட்டுக்கு அனுப்புவதெல்லாம் அவர்கள் பாடு. பிள்ளைகள் தங்கள் படத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த வருடம் புதிதாக வந்தவள் அவள். வீடு எரிந்த நாளிலிருந்து கேட்டதற்குமட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ரோலில் கடைசிப் படம் அவளுடையது. நான் பட்டனை அழுத்தும் நேரம் பார்த்து, எனக்குப் பின்னால் நின்றிருந்த சிஸ்டரின் முந்தானையை விடுதி ஆடு கவ்வி இழுத்தது. “விடு சனியனே, மடத்துச் சேல!” என்று சிஸ்டர் ஒற்றைக்காலில் தள்ளாட, அவள் சிரித்துவிட்டாள். அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

படம் திருச்சியிலிருந்து திரும்பி வந்தது. இது சரிப்படாது, எரிந்த வீட்டின் முன்னால் நிறுத்தி வேறு எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

சிஸ்டர் அவளைக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னார். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். “எங்க வூடு எரிஞ்சத காட்டித்தான் படிக்கணும்னா எனக்குப் படிப்பு வேணாம் சிஸ்டர்.” திட்டுவார் என்று நினைத்தேன். “சரி, போயி சாப்புடு” என்றார். மறுநாள் காலையிலேயே திருச்சிக்கு பஸ் ஏறினார். சாயங்காலம் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“இப்படிச் சிரிக்கிற புள்ளைக்கு என்ன கஷ்டம் இருந்துடப் போவுதுன்னு கேக்குறாங்க டீச்சர். நான் என்னத்தச் சொல்ல? ஆட்டக் கூட்டிட்டுப் போயி சாட்சி சொல்லச் சொல்லவா?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார்.

இருக்கிற சோற்றில் அவளுக்கும் ஒரு பங்கு வைத்து முழுப்பரீட்சை வரை ஓட்டினார். கணக்கில் இல்லாத பிள்ளை ஏன் இருக்கிறாள் என்று ஆபீசிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். லீவில் அவள் மாமா வந்து, திருப்பூர் பனியன் கம்பெனியில் சேர்ப்பதாகக் கூட்டிப்போனார். “பத்தாவது முடிக்கட்டுங்க, ஒரே வருசம்” என்று சிஸ்டர் ரோடு வரைக்கும் நொண்டிக்கொண்டே கூடப் போனார். பஸ் போய்விட்டது. எனக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. கொஞ்சநாள் ஆட்டின்மேல் கோபமாக இருந்தேன்.

சில வருடங்களில் விடுதியை மூடினார்கள். மாற்றலாகிப் போன ஊரில் சிஸ்டரும் இறந்துவிட்டார். படிப்பை முடித்த பிள்ளைகள் சிலர் என்னிடம் தங்கள் படம் இருக்கிறதா என்று கேட்பார்கள். எல்லாம் எங்கோ யார் வீட்டுச் சுவரிலோ, குப்பையிலோ.

போன மாதம் அவள் வந்தாள். மகளைப் பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டு, மகளோடு என் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். காதோரம் நரை. “சின்ன வயசுல நீ எப்படிம்மா இருப்பேன்னு இவ கேக்குறா டீச்சர். வூட்டோட எல்லாம் போயிடுச்சே, நான் எதக் காட்ட?” என்றாள்.

நான் கண்ணாடியைத் தூக்கிப் படத்தை உருவிக் கொடுத்தேன். வாங்கியவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மகள் எட்டிப் பார்த்து, “நீயா இது? எதப் பாத்தும்மா இப்படிச் சிரிக்கிற?” என்றாள்.

“எங்க சிஸ்டரத்தான்” என்றாள்.

படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணாடிக்கு அடியில் பச்சைத்துணி வெளுத்துப்போய், அது இருந்த இடம் மட்டும் பச்சையாக இருக்கிறது. அங்கே வேறெதுவும் வைக்க எனக்கு மனமில்லை.