காயாத ஷூ

எங்கள் வீட்டில் மனிதர்களைக் கீழிருந்து மேலாகப் பார்ப்பதுதான் வழக்கம். ஆம்பூரில் இதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் தரம் பிரிக்கிற வேலை. வந்து இறங்கும் தோலைக் கையால் தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம், இது தேறாது என்று அடுக்கிக்கொண்டே போவார். அதே கையோடு வீட்டுக்கு வந்துவிடுவதால், விருந்தாளியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வாசலில் அவர் கழற்றிப்போட்ட செருப்பைப் பார்த்துவிடுவார். உள்ளேயிருந்து வரும் காபி திக்கா, தண்ணியா என்பது அதைப் பொறுத்து மாறும்.

அம்மாவின் தங்கையான சித்தியும் எங்களோடுதான் இருந்தாள். ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவு. தையல் எங்கே விட்டிருக்கிறதோ அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, சரிசெய்ய 'ரீவொர்க்'குக்குத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. தெருவின் அந்தப் பக்கம் போகிறவன் ஷூவில் ஒரு தையல் குறைந்தால் இந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிடுவாள்.

சித்தியைப் பெண் பார்க்க மூன்று கூட்டம் வந்து போயிருந்தது. மூன்றாவது மாப்பிள்ளையின் அம்மா ஆறு வடை சாப்பிட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து, பெண்ணுக்கு நிறம் கம்மி என்று கடிதம் போட்டார். கடிதத்தைப் படித்த சித்தி அழவில்லை. "அந்தாளை ரீவொர்க்கூட பண்ண முடியாதுக்கா, வுடு" என்றாள். பிறகு, "ஆனா ஒண்ணு. இனிமே நான் தட்டு தூக்கிக்கினு யார் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்" என்றாள். சொன்னால் சொன்னதுதான். அம்மாதான் உள்ளே போய் அழுதாள்.

அந்தக் கோடையில் நாங்கள் தரங்கம்பாடிக்கு நான்கு நாள் சுற்றுலா போனதன் காரணம் இதுதான். தரங்கம்பாடியில் ஒரு வாத்தியார் இருந்தார். எங்கள் சபைப் போதகரின் மனைவிக்குத் தெரிந்த குடும்பம். இரண்டாம் நாள் மாலை நாலு மணிக்குக் கோட்டை வாசலில் இரண்டு குடும்பமும் 'தற்செயலாக' சந்தித்துக்கொள்வதாக ஏற்பாடு. பிடித்தால் பேசலாம், பிடிக்காவிட்டால் கோட்டையைப் பார்த்த மாதிரி இருக்கட்டும். தட்டு கிடையாது. சித்தி அரை மனதோடு ஒத்துக்கொண்டாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. இது நடக்காவிட்டால் இன்னொரு முறை அவளைக் கிளப்ப முடியாது என்று அம்மாவுக்குத் தெரியும்.

இதெல்லாம் எனக்கு மட்டும் தெரியாது. எனக்குப் பத்து வயது. வீட்டில் என்ன நடந்தாலும் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒலிபெருக்கி நான் என்பதால், எங்கள் வேதம் முதன்முதலில் வந்து இறங்கிய ஊரைப் பார்க்கப் போகிறோம் என்று எனக்குச் சொல்லப்பட்டது. இவ்வளவு பக்தி எங்கள் வீட்டில் அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை.

மாப்பிள்ளையின் போட்டோ ஒன்று வந்திருந்தது. பழைய போட்டோ. மார்பு வரைக்கும்தான் எடுத்திருந்தார்கள். அப்பாவைப் பொறுத்தவரை அது போட்டோவே இல்லை. "கால்ல இன்னா போட்டிருக்கான்னு தெரியாம இன்னாத்தைப் பாக்குறது?" என்று அலமாரியில் போட்டுவிட்டார். சித்தி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று பஸ் மாறி, பிரியாணிப் பொட்டலம் தீர்ந்து, மதியத்துக்கு மேல் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தோம். ஊர் முகப்பில் பெரிய வெள்ளை வாசல் ஒன்று நின்றது. ஒருகாலத்தில் ஊரைச் சுற்றி மதில் இருந்ததாம். இப்போது வாசல் மட்டும், வீடு போன பிறகும் விடாமல் காவல் காக்கிற வாட்ச்மேன் மாதிரி நின்றுகொண்டிருந்தது. "எங்க வேலூர்க் கோட்டையில அகழியே இருக்கு" என்று ஒரு மாட்டு வண்டிக்காரரிடம் சொல்லிவைத்தேன். அவர் கடலைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்று என் காலில் புது ஷூ. வெளிநாட்டு ஆர்டருக்காகச் செய்து, ஆர்டர் கிடைக்காமல் தங்கிப்போன சாம்பிள் ஜோடி. சித்தி கம்பெனியில் கேட்டு வாங்கி வந்தது. என் வகுப்பில் வேறு யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது. அப்பா அதைத் தடவிப் பார்த்து முதல் தரம் என்று சொல்லியிருந்தார். அவர் என்னைக்கூட அப்படிச் சொன்னதில்லை.

பெரியவர்கள் அறையில் மூட்டை பிரிக்கும்போது நான் கடற்கரைக்கு ஓடினேன். அங்கேதான் பாலாற்றுக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தேன். எங்கள் பாலாற்றில் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாம் இருக்கும். காலையில் ஆற்று மணலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போனால், சாயங்காலம் அது அங்கேயே கிடக்கும். நீர் தானாக நடந்து வந்து பொருளை எடுத்துக்கொண்டு போகும் என்பது எனக்குப் புதுச் செய்தி. ஈர மணலில் ஜோடியாக வைத்தேன். நண்டைத் துரத்திவிட்டுத் திரும்பினால் ஒரு ஷூதான் இருந்தது. இன்னொன்று அலையில் மிதந்து, போகவேண்டியிருந்த நாட்டுக்கே ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது.

நான் போட்ட கூச்சலில், கரையில் உட்கார்ந்திருந்த ஒருவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு போய் அதைப் பிடித்து வந்தார். முன்பக்கம் முடி கொஞ்சம் விடைபெற்றிருந்தது. காலில் நீல வார் வைத்த ரப்பர் செருப்பு.

"அழாதீங்க தம்பி. வெயில்ல வச்சா காஞ்சிடும்."

"அய்யோ அண்ணே, வெயில்ல வெச்சா வெடிச்சிடும்!" என்றேன். கண்ணீருக்கு நடுவிலும் ஆம்பூர் ரத்தம் பேசியது. "நல்ல தண்ணில உப்பு போக அலசணும். உள்ள பேப்பர் திணிக்கணும். நிழல்ல வெக்கணும். பேப்பரை மாத்திக்கினே இருக்கணும்."

அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பெரியவர் ஒருவர் நான் சொல்வதை முழுசாகக் கேட்டது அதுதான் முதல்முறை. ஈர ஷூவோடு போனால் அப்பா தோலை உரித்துவிடுவார், அது அவர் தொழிலும்கூட என்று விளக்கினேன். தானே வீட்டில் காயவைத்துத் தருவதாகச் சொன்னார். "எந்த ஊரு தம்பி?"

"ஆம்பூர்."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். "கூட யார் யார் வந்திருக்காங்க?"

கேட்டது ஒரு கேள்வி. நான் சொன்னது மொத்த வரலாறு. ஆறு வடை, நிறம் கம்மி, ரீவொர்க், தட்டு தூக்க மாட்டேன் என்று சித்தி சொன்னது, எதையும் விடவில்லை. ரீவொர்க்குக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். தட்டு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மிஞ்சிய ஒற்றை ஷூவைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெறுங்காலோடு திரும்பி, சித்தியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். "தையல் விட்டிருந்தது மாமா, நான்தான் எடுத்து வெச்சிருக்கேன்" என்று அப்பாவிடம் அவள் எனக்காகப் பொய் சொன்னாள்.

மறுநாள் நாலு மணி. கோட்டை வாசலில் அப்பா நின்றுகொண்டு வருகிற கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி கோட்டை மதில் மேல் ஏறிக் கடலைப் பார்த்து நின்றாள். அம்மா அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். நான் பீரங்கி மேல்.

யாரோ ஒருவர் அப்பாவிடம் வந்து வணக்கம் சொன்னார். அப்பா குனிந்த தலை நிமிராமல், "கைடு வேணாம்பா. நாங்களே பாத்துக்குறோம். கொஞ்சம் தள்ளி நில்லு" என்றார்.

அடுத்து வந்தது ஒரு ஜோடி பழுப்பு நிற ஷூ. அப்பாவின் முகம் மலர்ந்தது. அது ஆட்டுத்தோல் என்பதும், ஒழுங்காகப் பாலிஷ் போடுகிறவன் என்பதும், ஆகவே குடும்பத்தையும் ஒழுங்காக வைத்துக்கொள்வான் என்பதும் அவருக்கு இருபதடி தூரத்திலேயே தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு வயதான அம்மா வேறு. அப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். பத்து நிமிடம் தோலைப் பற்றிப் பேசினார். பிறகு, "பொண்ணு மேல நிக்குது. கூப்பிடட்டுமா, நீங்களே வர்றீங்களா?" என்றார்.

அந்த நேரத்தில் கோட்டைக்குள்ளிருந்து ஒரு பெண், இடுப்பில் குழந்தையும் கையில் சுண்டலுமாக வெளியே வந்து, "யாருங்க இவரு?" என்று ஷூக்காரரைக் கேட்டாள்.

அப்பாவின் நிறம் கம்மியானதை அன்றுதான் பார்த்தேன்.

இந்தக் குழப்பத்தில்தான், தள்ளி நில்லு என்று சொல்லப்பட்டவர் நிஜமாகவே தள்ளி நிற்பது என் கண்ணில் பட்டது. கூட அவருடைய அம்மா. "ஷூ அண்ணே! காஞ்சிடுச்சா?" என்று கத்திக்கொண்டு பீரங்கியிலிருந்து குதித்தேன்.

அவருடைய அம்மா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். "ஆம்பூர்லேருந்து வந்தவங்க நீங்கதானே? அரை மணி நேரமா நிக்கிறோம். என் புள்ளையைக் கைடுங்கறீங்க."

அப்பா மன்னிப்பு கேட்டார். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். "தப்பா நெனைச்சுக்காதீங்க, அந்த ரப்பர் செருப்பைப் பாத்துட்டு..." என்று ஆரம்பித்தார்.

"உப்புக் காத்துல தோல் செருப்பு போட்டா மாசம் ஒண்ணு வாங்கணும்ங்க. இங்க அறிவுள்ளவங்க ரப்பர்தான் போடுவாங்க." அவர் மகன் பக்கம் திரும்பினார். "வாடா போகலாம். கோட்டையைப் பாத்தாச்சு."

அம்மா மதில் மேலிருந்து கையைப் பிசைந்தாள். பஸ் செலவு, விடுதி, பொய்கள், எல்லாம் அந்த அம்மாளின் முதுகோடு சேர்ந்து நடந்து போய்க்கொண்டிருந்தன. அப்போதுதான் சித்தி படியிறங்கி வந்தாள். அவசரமே இல்லை. அவர் காலைப் பார்க்கவில்லை. நேராக முகத்தைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"எங்க பையன் ஷூ உங்க வீட்ல இருக்குதாமே. அதை நான் பாக்கணும்" என்றாள்.

அவருடைய அம்மா நின்றார். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஷூ பார்க்க வருகிறவளை வராதே என்று எப்படிச் சொல்வது?

நாலு தெரு தள்ளி ஓட்டு வீடு. எல்லோரும் கூடத்தில் பாயில் உட்கார்ந்தோம். அப்பா தன் செருப்பை யார் கண்ணிலும் படாதபடி படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தார். வாத்தியார் உள்ளே போனார். திரும்பி வரும்போது இரண்டு கையாலும் ஒரு எவர்சில்வர் தட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்த தலையோடு, மெதுவாக நடந்து வந்தார். தட்டில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் என் ஷூ. சித்தி முன்னால் வந்து நின்றார்.

ஷூவுக்கு எதற்குத் தட்டு என்று கேட்க வாயைத் திறந்தேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

சித்தி அவரைக் கொஞ்ச நேரம் நிற்கவிட்டாள். அப்புறம் ஷூவை எடுத்தாள். திருப்பினாள், வளைத்தாள், உள்ளே விரல் விட்டாள். "பேப்பர் யாரு திணிச்சது?"

"தம்பி சொன்ன மாதிரிதான் செஞ்சேன்" என்றார், பரீட்சைத் தாளை நீட்டிய பையன் மாதிரி. "நாலு தடவை மாத்தினேன்."

"இன்னும் ஈரம் இருக்கு. நாளைக்கு வர்றேன்."

அவருடைய அம்மா எழுந்து டீ போடப் போனார். அது திக்காகவே வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சித்தியும் நானும் போனோம். அவள் ஷூவைப் பரிசோதித்தாள். ஈரம் இருந்தது. அது காயட்டும் என்று அவளும் வாத்தியாரும் கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு தட்டு முறுக்கு கொடுத்துவிட்டார்கள். நான்காம் நாள் காலை, ஊருக்குக் கிளம்புவதற்கு முன் மறுபடி போனோம். இந்த முறை நானே ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வறட்டி மாதிரி காய்ந்திருந்தது.

"சித்தி, காஞ்சிடுச்சு."

"உனக்கு இன்னா தெரியும்? உள்ள ஈரம் இருக்கு."

"இல்ல சித்தி, தொட்டுப் பாரு, சுத்தமா..."

"நான் செக்கிங்கா, நீ செக்கிங்கா?" என்றாள் சித்தி. பிறகு அவர் பக்கம் திரும்பி, "இது காய நாளாகும். அப்புறமா நீங்களே கொண்டாந்து குடுங்க" என்றாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அப்படியாக ஆம்பூருக்கு நான் ஒற்றை ஷூவோடு திரும்பினேன். வழி நெடுக எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. இன்னொன்று ஒன்றரை மாதம் கழித்து, அவருடைய அம்மா, மாமா, பழத்தட்டுகள் சகிதமாக வந்து சேர்ந்தது. அதற்குள் என் கால் வளர்ந்துவிட்டிருந்தது. வாத்தியார் புதுத் தோல் ஷூ போட்டு, அது கடித்து, நொண்டிக்கொண்டே படியேறினார். அப்பா முதல்முறையாக ஒரு விருந்தாளியை ஷூவைக் கழற்றச் சொல்லி, கொல்லைப்பக்கம் போடுகிற தன் ரப்பர் செருப்பைக் கொடுத்தார்.

எனக்கு அதிலெல்லாம் கவனம் இல்லை. ஒரு ஷூ காய்ந்ததா இல்லையா என்றுகூடத் தொட்டுச் சொல்லத் தெரியாதவளைச் செக்கிங்கில் வைத்திருக்கிறார்களே, இந்தக் கம்பெனி உருப்படுமா என்று வகுப்பில் வெகுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.