வெள்ளைக் கல் நாடு

அதியமான்கோட்டையில் வாங்கிப் போட்டிருக்கும் மனையைப் பார்க்கப் போனேன். ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. எல்லையோரம் வரிசையாக வெள்ளைக் கற்கள். நான் வைத்தவை அல்ல.

கடத்தூரில் எங்கள் சோளக் காட்டுக்கும் பெரியப்பா காட்டுக்கும் நடுவில் ஒரு பாறை உண்டு. சின்ன வயதில் ஒருமுறை, பொங்கலுக்கு வெள்ளையடித்து மீந்த சுண்ணாம்பை, விரலிடுக்கெல்லாம் எரிய எரியக் கற்களில் பூசி, அந்தப் பாறையைச் சுற்றி அடுக்கினோம் நானும் பெரியப்பா மகள் செல்வியும். அது எங்கள் நாடு. அவள் ராணி, நான் மந்திரி. அவளுடைய பழைய பாவாடைதான் கொடி.

பெரியப்பா வந்தார். ஒரு கல்லைக் காலால் அசைத்துப் பார்த்தார்.

"உங்கொப்பன்தானே நடச் சொன்னான்?"

"இல்லீங்க பெரியப்பா, இது எங்க நாடு."

"நாடா? நாளைக்கு சர்வேயரக் கூட்டியாந்து இதுதான் எல்லைம்பான்."

அப்பாவுக்கோ, ராணி பெரியப்பா மகளாயிற்றே, அவர்தான் நடச் சொல்லியிருப்பார் என்று சந்தேகம். வாரம் திரும்புவதற்குள் பாறையை ஒட்டி முள்வேலி வந்தது. செல்வி அந்தப் பக்கம் போனாள். பேச்சும் நின்றது.

இப்போது, பக்கத்து மனைக்காரரின் சின்ன மகள் கையெல்லாம் சுண்ணாம்போடு ஓடி வந்தாள்.

"இது எங்க நாடுங்க அத்தை. நீங்களும் வரலாம்."

நான் ஒரு கல்லைக் காலால் அசைத்துப் பார்த்தேன்.

"உங்கப்பாதானே நடச் சொன்னாரு?"